ஆறப் பொறுத்தல்

யாரோ கல்லெறிந்தார்கள் என்றுதான்
திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை. கல்லும் இல்லை.
சேப்பங்கிழங்குப் பையை இருக்கையில் மறந்து
இறங்கிப்போன பெண்ணின் பின்னால்
பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிய பத்தாவது அடி.
பை கையில் இருந்தது.
கால்தான் கைவிட்டிருந்தது.

கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவன்
மீன் பிடித்தவனாய் இருக்கவேண்டும்.
உள்ளே ஒன்று துள்ளி, அறுந்து,
தோலுக்கடியில் கருநீலமாய்ப் படுத்துவிட்டது.
மறுவாரம் அந்த நீலம் கணுக்கால்வரை வழிந்து
அழுகும் வாழைத்தோலின் நிறத்துக்கு வந்தது.

வலது கால்.
சாட்ஸ்வொர்த்துக்கும் டர்பன் மார்க்கெட்டுக்கும் நடுவே
இருபத்துமூன்று வருடம் பிரேக் மிதித்த கால்.
எல்லாரையும் நிறுத்தியது.
நான் நிற்க மட்டும் பழகவில்லை.

பார்க்க வந்தவர்கள் "கட்டு எங்கே?" என்றார்கள்.
எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு உண்டு,
பிள்ளைகள் அதில் பெயர் எழுதுவார்கள்.
சதை கிழிந்ததற்குச் சாட்சி கிடையாது.
கம்பெனியும் அதையேதான் கேட்டது,
கொஞ்சம் மரியாதையாக.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று
கோவில் செயலாளர் பொன்னுரங்கம் போனில் சொன்னார்.
பூமி வேண்டாம், ஐயா.
என் வாசலிலிருந்து தெருவுக்குப் பதினேழு படி.
அதை ஆண்டால் போதும்.

காலை ஐந்து இருபது.
பேவியூ ஏற்றத்தில் என் பஸ் முனகுகிறது.
பூபாலன் ஓட்டுகிறான்,
மூன்றாம் கியரை விட மனசில்லாமல் இழுக்கிறான்.
இரண்டுக்கு மாத்துடா, மாத்து,
போர்வைக்குள் என் இடது கால் கிளட்சை அமுக்குகிறது.
அது நல்ல கால்.
அதற்கு யாரும் பொறுமை போதிப்பதில்லை.

பத்து மணிக்குக் குரங்கு வரும்.
சமையலறை ஜன்னல் வழியே ரொட்டியை எடுக்கும்.
முன்பெல்லாம் பாய்ந்து ஓடும்.
இப்போது மதில்மேல் உட்கார்ந்து
என் எதிரிலேயே பிய்த்துத் தின்கிறது.
நாற்காலியில் நீட்டிய காலை ஒரு பார்வை,
என்னை ஒரு பார்வை,
பிறகு அடுத்த துண்டு.

மூன்றாம் வாரம் வலி இல்லை.
இல்லை என்றால் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்?
தனமணி வேலைக்குப் போனதும் இறங்கினேன்.
ஒன்பதாம் படியில் மீன் மறுபடி துள்ளியது.
மீதிப் படிகளை உட்கார்ந்தபடியே,
குழந்தைபோல் பின்பக்கமாய் ஏறினேன்.
தனமணியிடம் சொல்லவில்லை.
சட்டையின் பின்புறத்துச் சிமெண்டுத் தூசி சொல்லிவிட்டது.
ஆக்கப் பொறுத்தவன், என்று ஆரம்பித்தாள்.
முடிக்கவில்லை. சூடான கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

நொமுசாவிடமும் பொய்தான் சொன்னேன்.
விரல்களால் அழுத்திப் பார்த்தாள்.
விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.
திட்டவில்லை. ஒரு சொல் சொன்னாள்,
'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதற்கு ஜூலுவில்.
அதன் நடுவே நாக்கு பல்லில் ஒட்டிப் பிரியும் ஒரு சத்தம்,
தமிழில் அதற்கு எழுத்தில்லை.
ஆனால் சத்தம் உண்டு.
அடுத்தவன் அடிபட்டதைக் கேட்டால்
நாம் உச்சுக் கொட்டுவோமே, அதே சத்தம்.
அவர்கள் அந்த இரக்கத்தை எடுத்து
கொஞ்சத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

இப்போது சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு
குதிகாலைத் தூக்குகிறேன்.
ஒரு தபால் அட்டை நுழையும் உயரம்.
கால் நடுங்குகிறது, கிண்ணங்கள் சேர்ந்து நடுங்குகின்றன.
இறக்குவதுதான் கடினம். மெதுவாக இறக்க வேண்டும்.
தூக்கும்போது எண்ணுவது மூன்று,
இறக்கும்போது ஆறு.

ராத்திரிச் சாப்பாட்டில் மேசைக்கடியில்
பாதம் தானாகத் தரையை அமுக்கியது.
தனமணி ரசத்தை ஊற்றியபடி கேட்டாள்,
"எந்த ஸ்டாப்?"
பெயர் சட்டென்று வாயில் வரவில்லை.
ஆனால் காலை எடுக்கவில்லை,
யாரோ இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.